பொட்டு வைத்த கால்

எங்கள் குழுவில் அந்தப் பெட்டிக்குப் 'பொணம்' என்று பெயர். நாலு பேர் தூக்கவேண்டிய கனம். தேக்குப் பலகையில் அடித்த ஸ்பீக்கர் பெட்டி, அதன் தலையில் இரும்புத் தகட்டில் செய்த ஆம்ப்ளிஃபயர். எழுபதுகளின் கடைசியில் காரைக்காலைச் சுற்றிக் கல்யாணத்துக்கும் தர்காக் கந்தூரிக்கும் போய்க்கொண்டிருந்த மெல்லிசைக் குழு எங்களுடையது. நான் அதில் பாஸ் கிடார் வாசித்தேன். பகலில் குமாஸ்தா, சாயங்காலம் நாலு தடித்த கம்பிகள். கூட்டம் பாடகியைப் பார்க்கும், டிரம்ஸ் அடிப்பவனைப் பார்க்கும், பாஸ்காரனை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. அதில் எனக்கு வருத்தமே இல்லை என்றால் அது பொய். ஆனால் அடிக்கம்பியைத் தட்டியதும் வயிற்றுக்குள் 'தும்' என்று ஒன்று இறங்குமே, அதற்காக எந்த அவமானத்தையும் பொறுத்துக்கொள்ளலாம்.

பஸ்காரர்களுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. "என்னா சார், சவப்பொட்டியா? மேல ஏத்திக்கிங்க, நான் கை வெக்க மாட்டேன்" என்று ஒரு கண்டக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். போலகத்தில் ஒரு கல்யாணம் முடிந்து அதைப் பஸ்ஸின் கூரைக்கு ஏற்றும்போதுதான் என் இடுப்பில் 'களுக்' என்றது. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே கனம் தூக்காதீங்க. தூக்குனா, அப்புறம் உங்களைத்தான் நாலு பேர் தூக்கணும்" என்றார். பக்கத்தில் நின்ற என் மனைவியின் முகம் வெளுத்துப்போனது.

அவரவர் வாத்தியத்தை அவரவர்தான் தூக்கி வரவேண்டும் என்பது எங்கள் குழுவின் சட்டம். சட்டம் போட்டவர் அக்கார்டியன் வாசித்த எங்கள் தலைவர். துணிக்கடைக்காரர், என்னைவிட மூத்தவர், நான் அவரை நானா என்று கூப்பிடுவேன். பாஸ் கிடாரே அவருடைய தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததுதான்.

"தப்பா நெனக்காதீங்க" என்றார் நானா. "ஒண்ணு, நீங்க தூக்குற மாதிரி ஒரு பொட்டிய பாருங்க. இல்லாட்டி நான் வேற ஆளப் பாக்கணும். நாகூர்ல ஒரு பையன் இருக்கான்."

எவனோ நாகூர்ப் பையன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் இடத்தில் இன்னொருவன் நின்று அந்தக் கம்பியைத் தட்டுவதை நினைத்தால் இடுப்பு வலிகூட மறந்துபோகும்.

பெட்டி தேட ஆரம்பித்தேன். மைக் செட்காரரின் குழாய் ஸ்பீக்கரில் பாஸை மாட்டிப் பார்த்தேன். தொண்டை கட்டிய எருமை கத்துவதுபோல் இருந்தது, கழற்றிவிட்டேன். சென்னையில் ஒரு கடையில் கைப்பெட்டி அளவுக்கு ஒரு வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. கடைக்காரர் என் செருப்பைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் திறக்கவே இல்லை. கடைசியில் எங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக்கிடம் போய் நின்றேன். வாயில் எப்போதும் வெற்றிலை, பேச்சில் எப்போதும் ஜம்பம். "செஞ்சிடலாம் தம்பி. ஒத்தக் கையில தூக்கிட்டுப் போற மாதிரி செஞ்சு தர்றேன், பாருங்க" என்றார்.

பெட்டிக்கு எந்தப் பலகை என்பதில் நாங்கள் சண்டை போட்டோம். மாம்பலகை மலிவு, ஆனால் உளுத்துப்போகும். தேக்கு என்ற பேச்சையே நான் எடுக்கவிடவில்லை. பிளைவுட் லேசு, ஆனால் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் வீங்கும் என்றார் அவர். வீங்கினால் வீங்கட்டும், என் முதுகு வீங்காமல் இருந்தால் போதும் என்றேன். ஒரு பெரிய ஸ்பீக்கருக்குப் பதில் எட்டு அங்குலத்தில் இரண்டு. காந்தமும் சின்னது, பெட்டியும் சின்னது. முதுகுப் பக்கத்தை மூடி அடைத்தால் தாழ்ந்த சத்தம் நிற்கும் என்று அவர் சொன்னது மட்டும் சரியாகவே இருந்தது.

பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் தயாரான அன்று தூக்கிப் பார்த்தேன். உண்மையிலேயே ஒற்றைக் கை. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அடிக்கம்பியைத் தட்டினேன். பழைய பெட்டியின் அதிர்வு இல்லைதான், ஆனால் 'தும்' இருந்தது.

"எப்படிங்க இவ்வளவு லேசா?" என்றேன்.

"கனமெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர்லதான் தம்பி இருக்கு. இரும்பும் செம்பும். அத எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா? அது இல்லாம ஓடுமா?"

"இப்ப ஓடுதா இல்லியா? பழைய ஏசி-டிசி ரேடியோவுல எல்லாம் அது ஏது? கரெண்ட நேரா எடுத்து வால்வுக்குக் குடுக்குறது. ஒரே ஒரு சங்கதிதான்." வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "கரெண்ட்ல ரெண்டு கம்பி வருதுல்ல, அதுல ஒண்ணு இந்தத் தகட்டோட சேந்திருக்கும். தகட்டுலேர்ந்து வயரு, வயருலேர்ந்து ஒங்க கிடார் கம்பி. அது நியூட்ரலா இருந்தா பச்சப்புள்ள, ஒண்ணும் செய்யாது. மாறிப் போச்சுன்னா..."

"போச்சுன்னா?"

"மாறாம பாத்துக்கிங்க."

பிளக்குக்கு இரண்டே கால்கள். எப்படித் திருப்பிச் செருகினாலும் போகும். அவர் ஒரு காலின் ஓரத்தில் சிவப்புப் பெயிண்டால் புள்ளி வைத்தார். "டெஸ்டர ஓட்டையில வெச்சுப் பாருங்க. எரியாத ஓட்டைக்குத்தான் பொட்டு வெச்ச கால் போகணும். பொட்டு வெச்ச கால், ஞாபகம் வெச்சிக்கிங்க" என்றார். அன்றிலிருந்து என் சட்டைப் பையில் பேனா இருந்ததோ இல்லையோ, டெஸ்டர் இருந்தது.

நெரவியில் இருந்த வீட்டுக்குப் பெட்டியைக் கொண்டுபோனேன். மனைவி அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், உடனே கீழே வைத்துவிட்டாள்.

"இவ்வளவு லேசா இருக்கே. உள்ள ஏதாச்சும் இருக்கா இல்லியாங்க?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், மெக்கானிக் சொன்னதை அவளிடம் சொன்னேன். அவ்வளவுதான். அதன் பிறகு நான் கச்சேரிக்குக் கிளம்பும் ஒவ்வொரு சாயங்காலமும் வாசல்வரை வந்து, "வேணாங்க அது" என்பாள். வேறு ஒன்றும் சொல்லமாட்டாள். அந்த இரண்டு வார்த்தையையும் கேட்டுவிட்டுப் போனால் வழியெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஒருநாள் எரிச்சலில் சொன்னேன், "இந்தா பாரு, இந்தப் பொட்டு இருக்குற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது. போதுமா?" அவள் பிளக்கைக் கையில் வாங்கி அந்தச் சிவப்புப் புள்ளியை ரொம்ப நேரம் பார்த்தாள்.

அவளைச் சமாதானப்படுத்தினேனே தவிர, எனக்கே உள்ளுக்குள் உதறல்தான். ஒரு கந்தூரியில் டெஸ்டரை வைத்தால் இரண்டு ஓட்டையிலும் லேசாக எரிந்தது. எது உயிர்க்கம்பி, எது மற்றது என்றே தெரியவில்லை. நான் மாட்டமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "என்னா மாப்ளே, புதுப் பொண்ணு மாதிரி பண்றீங்க" என்று நானா சிரித்தார். அன்று பாஸ் இல்லாமலே கச்சேரி நடந்தது. இல்லாததை யாரும் கண்டுகொள்ளவும் இல்லை. இன்னொரு நாள் எல்லாம் சரியாக இருந்தும் கம்பியைத் தொட்ட விரலில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு சுருசுருப்பு. கையை எடுத்தேன், மறுபடி வைத்தேன், மறுபடியும் ஊர்ந்தது. அதோடுதான் வாசித்தேன். நிறுத்தினால் நாகூர்ப் பையன் வந்துவிடுவானே.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு நான் அலுவலகத்தில் இருந்தேன். அங்கேயும் பூஜை, தட்டச்சு இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் தடவிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்தபோது என் கிடார் மாலையோடு சுவரில் சாய்ந்திருந்தது. ஸ்பீக்கர் பெட்டிக்கு மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம். ஆம்ப்ளிஃபயருக்குப் பூ. எல்லாம் அவள் கைவேலை. பார்க்க நன்றாக இருந்தது. "என்னைவிட இதுக்குத்தான் கவனிப்பு பலமா இருக்கு" என்று கேலி செய்தேன். அவள் சிரித்தாள். அந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பூஜை கழிந்து முதல் கச்சேரி வரிச்சிக்குடியில், என் மனைவிக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். வயலை ஒட்டிக் கீற்றுப் பந்தல். முதல்நாள் பெய்த மழையில் தரை சொதசொத என்று இருந்தது, மேலே வைக்கோலைப் பரப்பியிருந்தார்கள். மணவறைக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு இடம் போட்டதால் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். மணவறைப் பக்கம் யார் செருப்போடு நிற்பது? வெறுங்காலோடு நின்றேன். வைக்கோலுக்கு அடியிலிருந்து ஈரம் விரலிடுக்கில் ஏறியது. மனைவி பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெஸ்டரை வைத்தேன். ஒரு ஓட்டையில் பளிச்சென்று எரிந்தது, மற்றதில் இல்லை. பிளக்கை எடுத்தேன், பொட்டைப் பார்த்தேன், எரியாத ஓட்டைக்கு அந்தக் காலைச் செருகினேன். சுவிட்சைப் போட்டேன். வால்வு சூடேறி ஸ்பீக்கரில் 'உம்' என்று ஒரு முனகல் வந்தது. கிடாரைத் தோளில் மாட்டி இடது கையால் அதன் கழுத்தைப் பிடித்தேன்.

பிடித்தது என் கை இல்லை. கிடார்தான் என்னைப் பிடித்தது. விரல்கள் கம்பியோடு ஒட்டிக்கொண்டு இறுகின. விடு என்று சொல்ல நினைக்கிறேன், கை கேட்கவில்லை. கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. உடம்பு துள்ளியது. பந்தலில் யாரோ, "ஏ, பாஸ்காரரு ஆட்டத்தப் பாருங்கடா!" என்றார்கள். சிரித்தார்கள். ஐயோ, அந்தச் சிரிப்பு! நான் செத்துக்கொண்டிருக்கிறேன், கூட்டம் கை தட்டுகிறது. என்னைத் திரும்பிப் பார்க்காத கூட்டம் அன்றுதான் பார்த்தது. ஒருத்தி மட்டும் எழுந்து நின்று வயிற்றில் அடித்துக்கொண்டு அலறினாள். அந்த அலறலில்தான் நானா திரும்பினார். "யா அல்லாஹ்!" என்று பாய்ந்து வயரைப் பிடித்து இழுத்தார். பிளக் பிய்ந்து வந்தது. நான் வைக்கோலில் விழுந்தேன்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள் எல்லோரும். இடது கை விரல் நுனிகளில் கம்பி பதிந்த இடமெல்லாம் கருகியிருந்தது. கட்டுப் போட்டு வீட்டில் படுக்க வைத்தார்கள். உறவுக்காரர்கள் வந்தார்கள். "அவ பொட்டு கெட்டிடா, அதான் பொழச்சே" என்றார்கள். என் மனைவி தலையைக் குனிந்தபடி வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாள்.

பிறகு ஒரு காலையில், நானா கொண்டுபோய்க் கொடுத்திருந்த ஆம்ப்ளிஃபயரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மெக்கானிக் வந்து இறக்கினார். நலம் விசாரிக்கவில்லை, உட்காரவில்லை. பிளக்கைத் தூக்கி என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"யாரு பண்ணது இது? காலு ரெண்டையும் புளி போட்டு விளக்கியிருக்கு, பளபளன்னு மின்னுது. நான் வெச்ச பெயிண்ட் சுத்தமா போயிடுச்சு. அப்பறம் இந்தப் பக்கம் ஒரு பொட்டு, அந்தப் பக்கம் ஒரு பொட்டு. சந்தனம் வெச்சு மேல குங்குமம்! எந்தப் பக்கம் செருகுனாலும் பொட்டு வெச்ச கால்தான். எந்த அறிவுகெட்டவன் செஞ்ச வேல இது?"

அடுக்களை வாசலில் டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் சொன்னேன், "நான்தாங்க. பூஜைக்கு நான்தான் தொடச்சு வெச்சேன்."

"படிச்சவருதானே நீங்க?"

"நான்தாங்க, விடுங்க."

அவள் வெளியே வந்தாள். வேற்று மனிதர் முன்னால் அதிகம் பேசாதவள். முகம் பேயறைந்தது போல் இருந்தது.

"அவங்க இல்ல. நான்" என்றாள். "பொட்டு இருக்குற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க. பழைய பொட்டு மங்கிப் போயிருந்திச்சு. ஒரு பக்கம் வெச்சா போதுமோ போதாதோன்னு ரெண்டு பக்கமும் வெச்சேன்."

மெக்கானிக் பிளக்கைக் கீழே வைக்கவும் தெரியாமல் கையில் பிடிக்கவும் தெரியாமல் நின்றார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவள் அழவில்லை. ஆம்ப்ளிஃபயரைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"எடுத்தத எல்லாம் திரும்ப உள்ள வைங்க."

"கனமாயிடும்மா. அவரால தூக்க முடியாது."

"எவ்வளவு கனமோ வைங்க. ரெண்டு பக்கமும் புடி போட்டுக் குடுங்க. ஒரு பக்கம் நான் புடிச்சிக்கிறேன்."

போட்டுக் கொடுத்தார். நாகூர்ப் பையன் வரவில்லை. அதன் பிறகு குழு இருந்தவரை எல்லாக் கச்சேரிக்கும் அவள் என்னோடு வந்தாள், கனத்தின் பெரும்பகுதி அவள் பக்கமே இருக்கும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டு. பஸ்ஸில் கேலி செய்தவர்களை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். மேடை வரை வருவாள், பெட்டியை இறக்கி வைப்பாள். நான் பிளக்கைக் கையில் எடுத்ததும் பந்தலைவிட்டு வெளியே போய், தெருவில் முதுகைக் காட்டி நிற்பாள். முதல் 'தும்' கேட்ட பிறகுதான் உள்ளே வருவாள்.