நான் நிமிர்த்திய அட்டை மூலைகள்

1991-இல் நடந்தது. எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் கிளினிக். கம்ப்யூட்டர் படித்து முடித்த திமிரோடு, நான் எழுதிய முதல் மென்பொருளை அங்கேதான் பொருத்தினேன். நோயாளிகளின் அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வைத்துக்கொண்டு நானே விவரங்களைத் தட்டச்சு செய்தேன். சில அட்டைகளின் மேல்மூலை மடிந்திருந்தது. பழசாகிவிட்டது போலும் என்று நகத்தால் நீவி நிமிர்த்தி அடுக்கினேன். அவ்வளவு சுத்தக்காரன்!

கவுண்டரில் பல வருடங்களாக இருந்த அக்கா அதைப் பார்த்துப் பதறிப்போனார்.

"ஐயோ தம்பி, அவங்களுக்கெல்லாம் பெனிசிலின் ஒத்துக்காது. அதுக்குத்தான் மடிச்சு வச்சேன். கார்ட கையில வாங்கினதுமே டாக்டருக்குத் தெரிஞ்சிரும். இதுல அது எங்க வரும்?"

"மூணாவது பக்கத்துல 'குறிப்பு'ன்னு இருக்குலா அக்கா. அங்க தட்டிருங்க."

தட்டினார். ஆனாலும் மனசு கேட்காமல், அந்தப் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். என் மென்பொருளுக்கே அவமானம் என்று எனக்குக் கோபம். அக்கா கம்ப்யூட்டரை நம்ப மாட்டேன் என்கிறார் என்று டாக்டரிடம் போட்டுக்கொடுத்தேன். நோட்டைத் தூக்கி வைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர்.

இரண்டு மாதம் கழித்து, கடலுக்கு அக்கரையிலிருக்கும் பாகான் டாலாமிலிருந்து ஒரு பெரியவரைக் கடும் காய்ச்சலோடு கூட்டி வந்தார்கள். பேசக்கூட முடியாத நிலை. டாக்டர் திரையின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார், பெனிசிலின் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் பெரியவரின் முகம் வீங்கி மூச்சுத் திணறியது. மாற்று ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

பிரிண்டர் ரிப்பன் மாற்ற வந்த நானும் அன்று அங்கேதான் இருந்தேன். "இத்தனை வருஷமா இருக்கீங்க, முன்கூட்டியே சொல்ல வேணாமா?" என்று எல்லார் முன்னாலும் டாக்டர் கத்தினார். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். நான் ரிப்பனைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அன்று மாலையே, முதல் பக்கத்தின் உச்சியில் எச்சரிக்கை பளிச்சென்று தெரியும்படி மாற்றினேன். பத்து நிமிட வேலை. அடுத்த வாரம் அதை அக்காவிடம் காட்டப் போனால், அவர் வேலையை விட்டுப் போய்விட்டிருந்தார்.

அதன்பிறகு எத்தனையோ இடங்களுக்கு மென்பொருள் எழுதிவிட்டேன். உபயோகிக்கப் போகிறவரின் பக்கத்தில் நாலு நாளாவது உட்கார்ந்து பார்க்காமல் ஒரு வரியும் எழுதுவதில்லை. ஆனால் அன்று "தப்பு என்னோடது டாக்டர்" என்று வாயைத் திறந்து சொல்லாத என்னை, இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.