ஓடைப்பட்டியில் பெய்த ஜப்பான் மழை

பழைய ஜப்பானியப் படங்கள் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஓடைப்பட்டியில் திராட்சை போட்டிருக்கும் கல்லூரி நண்பன் முருகேசனுக்கும் அதே கிறுக்கு. "திராட்சைக் கொட்டகையில கறுப்பு வெள்ளைப் படம் போடுறோம், வாடா" என்று அவன் கூப்பிட்டதும், போன மாதம் ஒரு சனிக்கிழமை மதுரையில் பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் காலை அவன் தோட்டத்தில் அறுவடை. அந்த நேரத்தில் படம் காட்டுகிறவனை என்ன சொல்வது!

தேனி வழியாகச் சின்னமனூருக்கு மூன்று மணி நேரம். அங்கிருந்து ஓடைப்பட்டிக்கு டவுன் பஸ் உண்டு. அவசரக்குடுக்கையான நான் ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய் அழுதேன். ஓட்டுநர் மேகமலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். "மேல இருட்டிட்டு வருதுண்ணே. இன்னைக்குப் பெஞ்சா பழம்பூரா வெடிச்சிரும். வியாபாரி தொடமாட்டாக" என்றார்.

மாலை ஆறு மணிக்குக் கொட்டகையில் முப்பது பேர், எல்லாரும் திராட்சைக்காரர்கள். அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. படத்துக்கு மூலமான சிறுகதையை முருகேசனின் மனைவி செல்வராணி தமிழில் வாசிப்பார். பிறகு படம். அதன்பின் கதையா, படமா என்று வழக்காடுவார்கள். தோற்ற கட்சி டீ வாங்க வேண்டும்.

கதையில், மகனுக்காகக் கரையில் காத்திருக்கிறார் ஒரு ஓடக்காரர். 'அன்று மழை பெய்து ஓய்ந்தது' என்று ஒரே வரி. படத்திலோ அந்த ஒரு வரி நீண்டுகொண்டே போகிறது. முகத்தைக்கூடத் துடைக்காமல் அவர் நனைகிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னால் நாற்காலிகள் உருண்டன. தகரக் கூரைக்குக் கீழே ஸ்பீக்கர். மழைச் சத்தம் கூரையில் விழுவது போலவே இருந்தது. முதலில் முருகேசன் பாய்ந்தான், பின்னாலேயே மொத்தக் கூட்டமும் திராட்சைப் பந்தலைப் பார்க்க ஓடியது. வெளியே ஒரு பொட்டுத் தூறல் இல்லை. அசடு வழியத் திரும்பியவர்களிடம் செல்வராணி, "கதை எழுதுனவுக ஒரே வரியில முடிச்சாக. படம் எடுத்தவுக உங்கள ஓடவிட்டாக. இப்பச் சொல்லுங்க, எது ஒசத்தி?" என்றார்.

ஏமாந்து ஓடிய கடுப்பில் எல்லாரும் கதைக் கட்சி. படக் கட்சியில் நான் ஒருவன்தான். டீ என் தலையில் விழுந்தது.

போக நினைப்பவர்களுக்கு: சின்னமனூரில் டவுன் பஸ்ஸையே பிடியுங்கள், ஆட்டோ வேண்டாம். மூலக்கதையைக் கேட்டுவிட்டுப் படம் பாருங்கள். இயக்குநர் எதை நீட்டினார், எதை விட்டார் என்பது தெரியும்போது ருசியே தனி. குடையும் எடுத்துப்போங்கள், நான் எடுத்துப்போகவில்லை.

காலையில் நானும் கத்தரி பிடித்துக் குலை வெட்டினேன். மலை கறுத்தபடியே இருந்தது. முருகேசன் அதைப் பார்த்துப் பார்த்துப் பெட்டி அடுக்கினான். ஒன்பது மணிக்குப் பழம் ஏற்றிய லாரி கிளம்பி வளைவைத் தாண்டியதும் கொட்டியது மழை. நான் கொட்டகைக்குள் ஓடினேன். அவன் முகத்தைக்கூடத் துடைக்காமல் அங்கேயே நின்று நனைந்தான்.

அப்புறம் திரும்பிச் சிரித்தான். "அந்த மழை சீனை மறுபடி போடுடா. நான் கட்சி மாறிட்டேன்."