ஆணியால் கீறிய விரிசல்

நான் போட்ட விரிசல் தானாக வளர்கிறது என்று பதினோரு நாள் நம்பினேன். அந்தச் சுவர் என்னைப் பழிவாங்குகிறது என்றும் நம்பினேன். வயது நாற்பத்தெட்டு, பெயின்ட் கடையில் கலர் கலந்தே இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவன், சிமென்ட்டுக்கும் செய்வினைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுபோய் அடுத்தவர் வீட்டு பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொன்னால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

விரிசலை நான்தான் போட்டேன். வேண்டுமென்றே, அழகுக்காக. அந்த அழகு என் மண்டையில் எப்படி ஏறியது என்பதைச் சொல்ல வேண்டும்.

முத்தியால்பேட்டையில் இருந்தது கடை. ஷேடு கார்டில் இருக்கும் எண்ணைத் தட்டினால் எந்திரம் சொட்டுச் சொட்டாகக் கலர் விடும். டப்பாவை மூடி, குலுக்கும் எந்திரத்தில் வைப்பது என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கலரைத்தான் கேட்பார்கள்.

“பீச்சாண்ட வூடுங்கல்லாம் இருக்குமே சார், அந்த மஞ்ச.”

“எந்த மஞ்சள்?”

“அதான் சார், அந்த மஞ்ச.”

எந்த மஞ்சளைக் கலந்து கொடுத்தாலும் அதுதான் இது என்று வாங்கிப்போனார்கள். ஒருவர்கூடத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அடுத்தவர் வீட்டுக்கு என்ன கலர் என்று அவர்களைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரிகிறது என்ற கர்வம் அங்கேதான் ஆரம்பித்தது. இன்டீரியர் டிசைனர் ஆகிவிடலாம் என்று ஆறு மாத ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்த முகங்களில் மீசை நரைத்தது என்னுடையது மட்டும்தான்.

முதல் சோதனை என் வீட்டு ஹால். சுவருக்கு ஊதா அடித்தேன். கூரையில் பிளாஸ்டரில் ஒரு தாமரை, தாமரைக்குள் நீல விளக்கு. மனைவி வேலையிலிருந்து வந்தாள், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“இன்னாங்க, செமி ஸ்லீப்பரா, ஃபுல் ஸ்லீப்பரா? எத்தினி மணிக்கு எடுப்பாங்க?”

ஆம்னி பஸ்ஸுக்குள் வந்துவிட்டாளாம். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். பஸ்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைப் பக்கம் பழைய வீடு ஒன்றில் நடக்கும் காபிக் கடைக்குப் போனேன். உள்முற்றத்தில் ஒரு சுவர். பூச்சு உதிர்ந்து, செங்கல் தெரிந்து, நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் காவி. எங்கள் கடைக்கு யாராவது அதைப் போட்டோ எடுத்து வந்து காட்டியிருந்தால், முதலில் வாட்டர்ப்ரூஃப் இரண்டு கோட் அடிங்க என்றிருப்பேன். இங்கேயோ அந்தச் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் வரிசையில் காத்திருந்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடமும் அழகை மூடுவதற்கு டப்பா டப்பாவாக விற்றிருக்கிறேன் என்று தோன்றிவிட்டது.

அன்றிலிருந்து சுவர் பொறுக்கத் தொடங்கினேன். காலையில் கடை திறக்கும் முன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். உப்பளம் பகுதியில் பழைய துறைமுகத்துப் பக்கம் துருப்பிடித்த தகரக் கதவுகள், உப்புக் காற்றில் பொரிந்த காரை, மழை வழிந்து கறுத்த மதில்கள். போன் முழுக்க அதுதான். மனைவி ஒருநாள் பேரப்பிள்ளை போட்டோ தேடப் போய் நொந்துபோனாள். “ஊர்ல ஒரு மூத்திரச் சந்து பாக்கியில்ல போல” என்றாள்.

நோணாங்குப்பத்தில் கரையேற்றிக் கிடந்த ஒரு படகைப் பார்த்தேன். நான்கைந்து கலர் ஒன்றின்மேல் ஒன்று. எது எதற்கு அடியில் இருக்கிறது என்று நகத்தால் மெல்லச் சுரண்டினேன். படகுக்காரர் வலையை விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

“இன்னா சார், போட்டச் சொரண்டிக்கினு கீற?”

“கலர் பாக்கறேண்ணே. ரொம்ப அழகா இருக்கு.”

“அழகுக்கா அடிச்சோம்? ஓட்டைய அடச்சி அடச்சி அடிச்சது அது. கைய எடு சார், ஒழுவப் போவுது.”

சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அந்த மனிதர் இலவசமாகக் கொடுத்த பாடம் எனக்கு ஏறவில்லை.

கடையை விட்டு நின்றபின் முதல் டிசைன் வேலை உப்பளத்தில் ஒரு சொல்தா வீட்டில் கிடைத்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவரை முசியே என்றும் அவர் மனைவியை மதாம் என்றும் தெருவே கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். பல வருடம் பிரான்சில் இருந்துவிட்டு அவருடைய அப்பா கட்டிய வீட்டுக்கே திரும்பியிருந்தார்கள். முசியேவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. மதியம் சாப்பிட்டதும் படுக்கையறையில் இரண்டு மணி நேரம் தூங்குவார். கட்டிலிலிருந்து எழுந்து நிற்பதற்கே ஒரு கை கொடுக்க வேண்டும். அந்தப் படுக்கையறையைத்தான் எனக்குக் கொடுத்தார்கள்.

“டூரிஸ்ட்டுங்க தங்கற வூடு மாதிரி வேணும் தம்பி. பழசா, ஆனா சுத்தமா” என்றார் மதாம்.

கட்டிலின் தலைமாட்டுச் சுவர், பக்கத்துக் காலி மனையை ஒட்டிய சுவர். நல்ல சுவர். நான் கூட்டிப்போன மேஸ்திரி புதிதாகப் பூசிக் கொடுத்தார். அதன்மேல் சுண்ணாம்பு மூன்று கலரில் அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பழசாக்கினேன். இன்னும் ஏதோ குறைந்தது. என் போனில் இருந்த சுவர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் விரிசல் இருந்தது.

மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

“நல்ல சொவுத்துல விரிசல் போடச் சொன்ன மொத ஆளு நீதான் சார்.”

“டிசைன், மேஸ்திரி.”

“பூசறதுக்குதான் நான் கரண்டி புடிச்சது. கீற மாட்டேன். நீயே போட்டுக்க.”

கரண்டியைக் கழுவிக்கொண்டு வெளியே போனவர், நான் முடிக்கும்வரை அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. நான் ஏணியில் ஏறி, கூரை மூலையிலிருந்து கான்கிரீட் ஆணியால் பூச்சைக் கீறினேன். இரண்டடி நீளம், அவ்வளவுதான். கை வலித்த இடத்தில் தூண்டில் முள் மாதிரி ஒரு வளைவு வைத்து நிறுத்தினேன். கையெழுத்துப் போட்ட மாதிரி. டீ டிகாஷனைப் பஞ்சில் தொட்டு உள்ளே ஊற விட்டேன். கீழே இறங்கிப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

மதாமுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிற சொந்தக்காரர்களை எல்லாம் நேராகப் படுக்கையறைக்கே கூட்டிப்போவார். “வாங்க, எங்க வூட்டு விரிசலப் பாருங்க.” அவர்களும் பார்த்துவிட்டு, “த்ரே பியேன்” என்று பிரெஞ்சில் பாராட்டிப் போனில் படம் எடுத்துக்கொள்வார்கள்.

அதற்குள் பக்கத்து மனையில் அடுக்கு வீடு கட்ட அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். பொக்லைன் நாள் முழுக்க உறுமும். அறையில் முசியேவின் தலைமாட்டில் இருக்கும் டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக வரும். நான் அதைப் பார்த்தேன். அந்த டம்ளருக்குப் பதில் ஒரு மண் கூஜா வைத்தால் அறைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, விட்டுவிட்டு வந்த ஏணியை எடுக்கப் போனேன். சுவரை ஒருமுறை ரசித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நிமிர்ந்தேன். தூண்டில் முள்ளுக்குக் கீழே ஒரு கோடு இருந்தது. மெல்லிய கோடு, தலைமுடி கனம். நான் நிறுத்திய இடத்திலிருந்து ஒரு சாண் இறங்கியிருந்தது.

எனக்கு அந்த இடம் மறக்காது. என் கையெழுத்து அது. இருந்தாலும் வெளியே வந்து போனில் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தில் முள்ளோடு நின்றிருந்தது.

அடுத்து என்ன செய்திருக்க வேண்டும்? பத்தடி நடந்து மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். நான் செய்தது எலுமிச்சம்பழம். நல்ல சுவரைக் கீறினேன், மேஸ்திரி வேண்டாம் என்றார், சுவருக்குக் கோபம் வந்துவிட்டது. என் புத்தி அவ்வளவு தூரம்தான் ஓடியது. ஏணி மறந்துபோச்சு, டேப் மறந்துபோச்சு என்று ஏதாவது சாக்கில் தினமும் போனேன். தினமும் கோடு இறங்கியது. ஒருநாள் அறைக் கதவு சட்டத்தில் உரசியது. “மழக்காத்துல மரம் ஊதிக்கிச்சு” என்றார் முசியே. நான் மெழுகுவத்தி வாங்கி வந்து கதவின் ஓரத்தில் தேய்த்துக் கொடுத்தேன். நன்றாக மூடியது. இரண்டு நாள் கழித்து மறுபடி உரசியது. மறுபடி தேய்த்தேன். படுக்கை விரிப்பில் தலையணையைச் சுற்றி மாவு சலித்த மாதிரி வெள்ளைத் தூள் விழுந்திருக்கும். மதாம் அதைத் தட்டிவிட்டு, “பழைய வூட்டு வாசனையே வந்திடிச்சு தம்பி” என்று என்னைப் பாராட்டினார்.

வீட்டில் உட்கார்ந்தபடியே தாமரையைப் பார்ப்பேன், அது விழுகிறதா என்று. “ரசத்துக்கு வச்சிருந்த எலுமிச்சம்பழம் எங்க?” என்று மனைவி கேட்டபோது கிட்டத்தட்ட அழுதுவிட்டேன். பிறகுதான் மேஸ்திரிக்குப் போன் செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது.

“கோட்டுக்குக் குறுக்கால ஒரு கண்ணாடித் துண்ட சிமென்ட் வச்சி ஒட்டு சார். சொவுரு சும்மா இருந்திச்சின்னா கண்ணாடியும் சும்மா இருக்கும். அசைஞ்சா ஒடையும்.”

மறுநாள் விரல் நீளக் கண்ணாடித் துண்டை ஒட்டிக்கொண்டிருக்கும்போது மதாம் வந்து பின்னால் நின்றார்.

“இது இன்னா தம்பி?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். முதல் வேலை போச்சு, பெயர் போச்சு, திரும்ப டப்பா குலுக்கப் போக வேண்டும்.

“அலங்காரம் மதாம். வெளிச்சம் பட்டா மின்னும்.”

“அழகா கீது” என்றார்.

நான்காம் நாள் மதியம் அவரிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, அந்தக் கண்ணாடி ரெண்டா ஒடஞ்சி போச்சி. வேற ஒட்டிக் குடுக்கறியா? இந்த தபா நீலத்துல போடு.”

வீட்டிலிருந்து உப்பளத்துக்கு எப்படி வண்டி ஓட்டினேன் என்று தெரியாது. அறைக்குள் போனபோது முசியே தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கோடு அவர் தலையணைக்குப் பின்னால் இறங்கி மறைந்திருந்தது. உடைந்த கண்ணாடியின் இரண்டு துண்டுகளுக்கு நடுவே என் விரல் நகம் நுழைந்தது. பக்கத்தில் பொக்லைன் உறுமியது, டம்ளரில் வட்டம் வந்தது, தலையணைமேல் தூள் விழுந்தது. மூன்றும் ஒரே நேரத்தில். இத்தனை நாளாக என் கண் முன்னால் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். இந்த வீட்டில் விரிசலைப் பார்த்து யாரும் எழுந்து ஓட மாட்டார்கள். அதற்கு ஏற்பாடு செய்தவன் நான்.

“முசியே, எழுந்திரிங்க.”

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். “இன்னாப்பா?”

“இந்த விரிசல்...”

“நீதான போட்ட?”

“மேல ரெண்டடி நான் போட்டது. கீழ இருக்கறத நான் போடலை.”

மதாம் வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “அப்ப யார் போட்டா?” என்றார்.

பொக்லைன் ஒருமுறை நின்று, மறுபடி ஆரம்பித்தது. முசியே கையை நீட்டினார். தூக்கி நிறுத்தினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்கட்டுக்கு வந்து மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அவர் வீட்டு அஸ்திவாரக் கல் பக்கவாட்டில் தெரிந்தது. அதற்குக் கீழே இன்னும் ஓர் ஆள் உயரத்துக்குப் பள்ளம். பக்கத்தில் ஒரு பலகைகூடத் தாங்கலுக்கு இல்லை.

“வாலா” என்றார் முசியே, இதோ பார் என்பதுபோல். பிறகு என் பக்கம் திரும்பி, “முட்டாப் பையா, மெழுவுவத்தியா தேச்ச? கட்டிலப் புடி” என்றார்.

கட்டிலை ஹாலுக்கு இழுத்தோம். பீரோவை நகர்த்தியபோது காய்ந்துபோன எலுமிச்சம்பழம் உருண்டு வந்து மதாமின் காலடியில் நின்றது. அவர் அதைக் குனிந்து எடுத்து என் சட்டைப் பையில் போட்டார். மேஸ்திரி வந்து, கூரையின் கனம் இரண்டு பக்கச் சுவர்கள்மேல்தான் இருக்கிறது, இருந்தாலும் முட்டுக் கொடுப்போம் என்று இரும்புக் குழாய்கள் நிறுத்தினார். முசியே பள்ளம் தோண்டியவர்களிடம் இரண்டு பாஷையிலும் பேசி வேலையை நிறுத்தினார். அறையைப் பூட்டிச் சாவியை மதாம் எடுத்து வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு இரண்டு நாள் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குச் சுவர் வெளிப்பக்கமாகப் பள்ளத்துக்குள் சரிந்தது. பள்ளத்திலும் அறையிலும் யாரும் இல்லை. கூரை நின்றது. கூரை விட்டத்தோடு ஒட்டிக்கொண்டு இரண்டடி உயரத்துக்குச் சுவர் விழாமல் இருந்தது. அதில் நான் ஆணியால் கீறிய விரிசல் இருந்தது.