மீட்டரை அணைத்த ஆட்டோக்காரர்

போன வருடம் ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. மாலை ஐந்து நாற்பது. விட்டுவிட்டுத் தூறல். இந்திரா நகரில் டாக்டரைப் பார்த்துவிட்டு, ஆஸ்டின் டவுனில் உள்ள வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன்.

ஒரே மாதத்தில் மூன்றாவது ஈசிஜி. மூன்றிலும் இதயத்தில் குறை இல்லையாம், பதற்றம்தானாம். முதலில் ஒரு மாதம் மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், குறையாவிட்டால் மாத்திரை தருகிறேன் என்றார் டாக்டர். எழுபத்து மூன்று வயதுக்காரனுக்கு ஒரு மாத்திரைகூட எழுதாதவரை எப்படி நம்புவது? எதையோ மறைக்கிறார் என்றே தோன்றியது.

அல்சூர் நெரிசலில் பதினொரு நிமிடம் நின்றோம். நெஞ்சு படபடத்தது, விரல்கள் மரத்துப்போயின. இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"ஆஸ்பத்திரிக்குத் திருப்புப்பா."

"டாக்டர் என்ன சொன்னாரு சார்?"

சொன்னேன். அவர் மர்பி டவுன் சந்து ஒன்றில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, மீட்டரை அணைத்தார். இந்த ஊரில் மீட்டரை அணைத்தால், வாய்க்கு வந்ததைக் கேட்கப் போகிறார் என்று அர்த்தம். சந்தில் ஆளும் இல்லை. அவர் சீட்டுக்குப் பின்னால் தொங்கிய, போட்டோ ஒட்டிய அட்டையைப் பார்த்து, வண்டி நம்பரை ஈசிஜி தாளின் பின்பக்கம் எழுதினேன், போலீசுக்கு உதவுமே என்று.

கண்ணாடியில் பார்த்துவிட்டார். "நல்லா எழுதிக்குங்க சார். போட்டோவைப் பாத்துப் பயந்துடாதீங்க, அது நான்தான்."

பிறகு திரும்பி உட்கார்ந்தார். "ஏறினதுலேர்ந்து சிக்னலை எண்ணிக்கிட்டே வர்றீங்க. இப்ப மூச்சை எண்ணுங்க. உள்ளே நாலு, வெளியே ஆறு. எங்கப்பா தங்கவயல் சுரங்கத்துல வேலை பாத்தவரு. கூண்டுல இறங்கறப்ப தினமும் இப்படித்தான் எண்ணுவாராம். பயம் போகாதாம் சார், ஓரமா நிக்குமாம்."

ஒரு கையால் பர்ஸை அழுத்திப் பிடித்துக்கொண்டே எண்ணினேன். இருபத்து மூன்றாவது மூச்சில் விரல்களில் உணர்வு வந்தது.

"ஆஸ்பத்திரியா, வீடா?"

"வீடு" என்றேன்.

வாசலில் நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். மீட்டர் நின்ற இடத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதி நாற்பத்தாறைத் தந்தார். அதை அவர் கண்ணெதிரே இரண்டு முறை எண்ணினேன். சிரித்தபடி கிளம்பிவிட்டார்.

மாத்திரை இதுவரை தேவைப்படவில்லை. பதற்றம் வருகிறது, மூச்சை எண்ணுகிறேன், ஓரமாக நிற்கிறது. ஆனால் எண்ணத் தொடங்கும்போதெல்லாம், அந்த மீதியை எண்ணியதும் சேர்ந்தே நினைவுக்கு வந்து தலைகுனிய வைக்கிறது. அந்த ஆட்டோ வைத்தியத்துக்கு எனக்கு ஆன மொத்தச் செலவு, ஐம்பத்து நான்கு ரூபாய்.