அஞ்சு கோட்டை

கடையத்தில் பிறந்து வளர்ந்தும் கல்யாணம் ஆகிற வரைக்கும் நான் குற்றால அருவியில் குளித்ததில்லை என்று சொன்னால் மதராஸில் யாரும் நம்புவதில்லை. சாரல் தொடங்கியதும் அப்பா அண்ணன்மாரை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். நானும் வருகிறேன் என்றால், "பொம்பளப்பிள்ளைக்கு அங்கன என்ன சோலி? கெட்டிக்கிட்டுப் போயி மாப்பிள்ளையோட குளி" என்பார். அப்படியாக என் குளியலும் சீர்வரிசையோடு சேர்ந்து மாப்பிள்ளை கைக்குப் போய்விட்டது.

மாப்பிள்ளை மதராஸ்காரர். ஆபீசில் ஃபைல் பார்க்கிறவர். ஆனால் தன்னைப் பெரிய சரித்திரக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எங்கே ஒரு கல் சாய்ந்து கிடந்தாலும் அதில் ஒரு ராஜா உட்கார்ந்திருந்தாக வேண்டும். ஐம்பதுகளின் கடைசியில், கல்யாணமான மறு வருஷம், லீவு போட்டு என்னைக் குற்றாலத்துக்கு அழைத்து வந்தார். என் சந்தோஷத்தைக் கேட்கவா வேண்டும்! வாடகை அறையில் பெட்டியை இறக்கி வைத்த அன்றே நான் வீட்டுக்கு விலக்காகிவிட்டேன்.

அந்த மூன்று நாளும் எனக்கு அருவி ஆகாது. ஜன்னலோரம் பாயில் உட்கார்ந்து அதன் சத்தத்தை மட்டும் கேட்டேன். அவரோ காலையும் மாலையும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனார். திரும்பி வந்து ஈரத்துண்டோடு நின்று, "தண்ணி என்னமா விழுது தெரியுமா? முதுகுல தடதடன்னு அடிக்குது!" என்று எனக்கு விவரித்தார். இத்தனை சரித்திரம் படித்தவருக்கு எந்தப் பக்கத்திலும் இங்கிதம் என்ற ஒன்று கண்ணில் படவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொள்வதை அருவியிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். அன்று சாயங்காலம் எங்களுக்கு ரயில்.

நாலாம் நாள் விடிந்ததும் நான் சீயக்காய்ப் பொட்டலத்தோடு நின்றேன். அவர் காமிராவோடு நின்றார். முந்தின நாள் மேலகரத்துச் சவரக் கடையில் யாரோ பேசிக்கொண்டார்களாம், மலையடிவாரத்தில் ஐந்து கோட்டைகள் பாழாகிக் கிடக்கின்றன என்று.

"ஒண்ணு இல்ல, அஞ்சு! வெயில் ஏறுறதுக்குள்ள பார்த்துட்டு வந்துடலாம். அருவி எங்க ஓடிடப் போகுது? இப்ப கிணத்துல நாலு வாளி ஊத்திக்கிட்டுக் கிளம்பு."

ஊற்றிக்கொண்டேன். அந்தக் காலத்துப் பெண்டாட்டி வேறென்ன செய்வாள்?

முள்ளில் புடவை கிழிய மேட்டில் ஏறினோம். மேலே படிப்படியாக மண்மேடுகள், நடுவே ஆளுயரப் புல், ஒரு மூலையில் கருங்கல் வைத்துக் கட்டி இடிந்த ஒரு வாய். அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மண்மேடெல்லாம் மதிலாம். அந்தக் கல்வாய் கோட்டை வாசலாம். ஒரு கீரிப்பிள்ளை குனிந்து போகலாம் அதில். யானைப்படை போனது என்றார். என்னை ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்திப் படமும் பிடித்தார்.

விவசாயி மகளுக்கு வரப்பும் மடையும் தெரியாதா? எங்கள் பக்கத்தில் வயலை ஏக்கர் கணக்கில் சொல்வதில்லை; எத்தனை கோட்டை நெல் விதைக்கலாம் என்று கோட்டைக் கணக்கில்தான் சொல்வோம். சவரக் கடையில் பேசியது "அஞ்சு கோட்டை பாழாக் கெடக்கு" என்றுதான் இருக்கும். அதில் ஒரு 'கள்' சேர்த்து மதில் எழுப்பியவர் என் வீட்டுக்காரர்.

நான் வாயைத் திறப்பதற்குள், புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். "நெலம் பாக்க வந்தியளா? அஞ்சு கோட்டையும் சேத்துத்தான் குடுப்பாவ. மடை இடிஞ்சு தண்ணி ஏறல, அதான் பாழாப் போட்டுட்டாவ."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் அதுவும் கொஞ்ச நேரம்தான். "ஆமா, பார்த்துட்டுச் சொல்றோம்" என்று தொண்டையைச் செருமினார். கீழே இறங்கும்போது, வயலுக்கு அடியில் கோட்டை புதைந்திருக்கலாம் என்று சமாதானம் வேறு.

அருவிக்கு வந்து சேர்ந்தபோது கயிறு கட்டி மறித்திருந்தார்கள். மலைமேல் நல்ல மழை. செம்மண் நிறத்தில் வெள்ளம் பாறையை மூடிக்கொண்டு இறங்கியது. "யாரும் கிட்டப் போவாதிய!" என்று ஒரு போலீஸ்காரர் கத்திக்கொண்டிருந்தார். சீயக்காய்ப் பொட்டலம் என் கையிலேயே நனைந்தது. அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

தென்காசியில் ரயில் ஏறி உட்கார்ந்ததும், "என்ன யோசனை?" என்று கேட்டார்.

"கோட்டை விட்டாச்சு" என்றேன்.

"அதனால என்ன? அதான் போட்டோ எடுத்தாச்சே!"

அந்தப் படம் இன்னும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் அதைக் காட்டி, குற்றாலத் தண்ணீர் முதுகில் எப்படி அடிக்கும் என்று அவர் சொல்லுவார். படத்தில் வரப்பின் மேல் நிற்கிற என்னைப் பார்த்துவிட்டு, "நீங்களும் நல்லாக் குளிச்சீங்களா?" என்று கேட்பார்கள்.

"ஓ, ரெண்டு வேளையும்!" என்று எனக்கும் சேர்த்து அவரே பதில் சொல்லிவிடுவார்.