கோட்டைச் சுவரில் பூசிய சீமெந்து

மூதூரில், கடலைப் பார்த்தபடி, ஒரு காலத்தில் கோட்டை இருந்ததாம். இப்போது மிஞ்சியிருப்பது ஒரு மூலைதான். கடலில் வெட்டிய முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர். அந்த மூலைக்குள்தான் நான் சமைக்கிற குசினி இருக்கிறது. இரண்டு பக்கச் சுவர் சும்மா கிடைத்ததால், கணவரின் முன்னோர் மற்ற இரண்டு பக்கத்தை மட்டும் கட்டிக் கூரை போட்டுவிட்டார்கள்.

கோட்டையைக் கட்டியவர் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். போர்த்துக்கேயர் என்பார் ஒருவர், ஒல்லாந்தர் என்பார் இன்னொருவர், அதற்கும் முந்திய ராசா என்று சாதிப்பவரும் உண்டு. கல்லெல்லாம் எங்கே போனது என்று கேட்டால் மட்டும் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். கோட்டைக் கல் இல்லாத கிணறு எங்கள் தெருவில் இல்லை.

அதனால், கோட்டையின் சரித்திரம் எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டு திருகோணமலையிலிருந்து ஓர் இளைஞர் அளவுநாடாவோடு வந்தபோது, தெருவே ஊமையாகிவிட்டது. அவர் மரியாதையாகத்தான் கதைத்தார். எனக்கு அந்த மரியாதைதான் பிடிக்கவில்லை. நான் கொடுத்த தேத்தண்ணியை நல்லாயிருக்கிறது என்று வேறு சொன்னார். என் தேத்தண்ணியின் இலட்சணம் எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் அளப்பவர் ஒருநாள் வந்தால், மறுநாள் எல்லைக்கல் வரும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. குசினியைக் காட்டாமல் முன் அறையோடு அனுப்பிவிட்டோம். தன் அலுவலகப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருவதாகச் சொல்லிப் போனார்.

அன்று மாலையே என் கணவர் சீமெந்து மூடையோடு வந்தார். சுவர் பழசு என்று தெரிந்தால்தானே பறிப்பார்கள், புதுசாக்கிவிட்டால் கேட்க என்ன இருக்கிறது என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. சுவர் முழுக்கப் பூசி வெள்ளையும் அடித்தார். குசினி பளிச்சென்று ஆகிவிட்டது.

இளைஞர் கூட்டிவந்த பெரியவர், தொல்பொருள் திணைக்களத்தின் பெண் அதிகாரி ஒருவர். நேரே குசினிக்குள் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். இது எப்போது கட்டியது என்று கேட்டார்.

"புதுசு மிஸ். போன வருசம் கட்டினனான்," என்றார் கணவர், பெருமையாக.

அதிகாரியின் முகம் வாடியது. கோட்டை நிலத்தில் பரம்பரையாக இருக்கிறவர்களை எழுப்பமாட்டோம், புதிதாகக் கட்டியதைத்தான் அகற்றவேண்டும் என்று விளக்கினார்.

"இல்ல மிஸ். என்ட வாப்பா பொறந்ததே இந்தக் குசினியிலதான்," என்று அவசரமாக மாற்றினார் கணவர்.

"ரெண்டில எது உண்மை?"

கணவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் சுத்தியலை எடுத்து நானே சுவரில் போட்டேன். கரி படிந்த சுவரில் பூச்சு எங்கே ஒட்டப்போகிறது! கதவளவு பெரிய பொருக்காக உரிந்து விழுந்தது. சுவரில் வெறும் கல்தான் தெரிந்தது. பரம்பரைக் கரி முழுவதும், பழைய சுண்ணாம்போடு சேர்ந்து, சீமெந்தின் முதுகில் போய் ஒட்டியிருந்தது.

அதிகாரி உடைந்த துண்டுகளில் தடித்த ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பரம்பரையாக இருக்கிறீர்கள் என்பதற்கு இந்தக் கரியே போதும், மேலிடத்தில் காட்டக் கொண்டுபோகிறேன் என்றார். என் கணவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பிறகு அதை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்து, ஒரு பாதியை மட்டும் நீட்டினார்.

"குறை நினைக்காதீங்க மிஸ். நாளைக்கு இல்ல எண்டு ஆரும் சொன்னா, ரெண்டையும் பொருத்திப் பாக்கலாம்."

அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். எல்லைக்கல் குசினிக்கு வெளியேதான் நடப்பட்டது. கணவரோ மற்றப் பாதியைப் பழைய சாறனில் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். அந்தத் திறப்பை என்னிடம்கூடத் தருவதில்லை.