பதினாறாவது கையெழுத்து

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் வீணாவது எனக்குப் பொறுக்காது. அந்த ஆண்டு ஜனவரி 30 அன்று ஒரு வேலையைத் தொடங்கினேன். ஜெர்மனியில் பாசிசம் ஆட்சியைப் பிடித்த கதையை, ஒவ்வொன்றும் நடந்த அதே தேதித் தாளின் பின்புறத்தில் எழுதி வந்தேன்.

1933 ஜனவரி 30: பாசிசத் தலைவர் சான்சலராக நியமிக்கப்பட்டார். ‘நியமிக்கப்பட்டார்’ என்பதை அடிக்கோடிட்டேன். முந்தைய நவம்பர் தேர்தலில் அவர் கட்சி பெற்றது மூன்றில் ஒரு பங்கு வாக்குகள்தான். பிப்ரவரி 27: நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பேச்சுரிமையும் எழுத்துரிமையும் ஒரே உத்தரவில் போயின.

மார்ச் 23 பெரிய நாள். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அரசே சட்டம் போடலாம், நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் என்று ஒரு மசோதா. அது நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. எதிர்த்தவர்கள் 94. ஆதரித்தவர்கள் ஒரு நூலில் 441, இன்னொன்றில் 444. எது சரி என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. வாசலில் வாட்ச்மேன்.

“சார், ஒரு கையெழுத்து போடு சார். தண்ணி மேட்டர். அல்லாரும் போட்டுகினாங்க.”

சேலையூரில் எங்கள் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகள். சுற்றறிக்கை வந்தால் யாரும் படிப்பதில்லை. மேலே இருக்கும் கையெழுத்துகளைப் பார்த்துக் கீழே ஒன்றைச் சேர்ப்போம். நானும் சேர்த்துவிட்டு 444-க்குத் திரும்பினேன்.

மாலையில் தரைத்தளத்து வாடகை வீட்டு அம்மா வந்தார். தையல் வேலை செய்பவர், கணவர் ஏ.சி. மெக்கானிக். இங்கே குடியிருக்கும் ஒரே முஸ்லிம் குடும்பம்.

“அண்ணா, ஏப்ரல்ல காலி பண்ணணும்னு செக்ரட்டரி சொல்லிட்டாரு. பொண்ணுக்கு டென்த் எக்ஸாம் நடக்குது. நீங்களும் கையெழுத்து போட்டிருக்கீங்களே?”

செல்போனில் அந்தத் தாளின் படத்தைக் காட்டினார். தண்ணீர்ப் பிரச்சினை தீரும்வரை தற்காலிகமாக, பொதுக்குழுவைக் கேட்காமல் செயற்குழுவே எல்லாவற்றையும் முடிவு செய்யலாம் என்றிருந்தது. வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்வதும் அதில் அடங்கும். எங்கள் விதிப்படி இதற்கும் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது பதினாறு கையெழுத்து வேண்டும். எண்ணினேன். பதினாறாவது என்னுடையது. மேசையில் மார்ச் 23 தாள் அப்படியே கிடந்தது. எனக்குக் காது சுட்டது.

செயலாளரிடம் போனேன்.

“டெம்பரவரிதான் சார்.”

“எந்தத் தேதி வரைக்கும்?”

“தண்ணி வர்ற வரைக்கும்.”

“அது தேதி இல்லையே சார்.”

பொதுக்குழுவில் பதிவாகும்வரை கையெழுத்தைத் திரும்பப் பெறலாம் என்ற விதியைக் காட்டினேன். “ஞாயித்துக்கிழமை வந்து பேசிக்கோங்க” என்று கதவைச் சாத்தினார்.

ஞாயிறு காலை, கீழே கார் நிறுத்தும் இடத்தில் பொதுக்குழுக் கூட்டம். வாடகைதாரருக்கு வாக்கு கிடையாது. அந்தத் தம்பதி பைக்குகளின் ஓரம் நின்றார்கள். நான் ஜெர்மனியைப் பற்றி எதுவும் பேசவில்லை. தாளை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்தேன்.

“ஐயையோ, இதுக்கா போட்டேன்? குக்கர் விசில் அடிச்சுது, பார்க்காமப் போட்டுட்டேன்” என்றார் இரண்டாம் மாடி அக்கா.

“நான் லிஃப்ட் பெயின்ட்னு நெனச்சேன் மச்சான்” என்று ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரின் தோளைத் தட்டினார்.

“சார், ஹிஸ்டரியெல்லாம் எழுதுறீங்க. நீங்களே படிக்காம போட்டீங்களா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

“ஆமா. அதனாலதான் மொதல்ல நான் அடிக்கிறேன்.”

என் பெயரின் குறுக்கே கோடு போட்டேன். பேனா கைமாறியது. அக்கா அழுத்தியதில் தாளே கிழிந்தது. செயலாளர் திரும்ப வாங்கியபோது நான்கு கையெழுத்துகள் மிச்சம். அவற்றில் ஒன்று அவருடையது. கைதட்டல் தெரு முனைவரை கேட்டிருக்கும். எந்த வீட்டுக்கு எந்த நேரம் தண்ணீர் என்பதை அங்கேயே எல்லோரும் பேசி முடித்தோம். தரைத்தளத்துக்குக் காலை ஆறு மணி.

பெண் எல்லாத் தேர்வுகளையும் அதே வீட்டிலிருந்து எழுதினாள். தையல் இயந்திரச் சத்தம் இப்போதும் மாடிவரை வருகிறது. 441-ஆ, 444-ஆ என்பதையும் பிறகு தீர்த்துக்கொண்டேன். பின்னால் திருத்திய கணக்குப்படி 444. அந்த 94-இல் மட்டும் எந்த நூலுக்கும் சந்தேகமில்லை.

இப்போது சுற்றறிக்கை வந்தால் வாட்ச்மேன் பேனாவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார்.

“பட்ச்சுட்டு கேளு சார், தரேன். இன்னா அவசரம்?”